ஸ்க்ரீனில் மலை அழகாகத்தான் இருக்கிறது, கருவிக்குள் போகுமா?

கையடக்க ஜிபிஎஸ் வாங்கிய கையோடு எல்லாரும் கேட்பது "எந்த டோப்போ மேப் மென்பொருள் நல்லது?" என்பதுதான். டோப்போ மேப் என்றால் மேடு பள்ளத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த மென்பொருளில் தெரிகிற வரைபடம் உங்கள் கருவிக்குள் போகுமா? இதை முதலில் விசாரித்துவிட்டால் பாதி மென்பொருட்களைத் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை.

இந்த மென்பொருட்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் கணினியில் சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு), மலை நிழல், முப்பரிமாணம் என்று எல்லாவற்றையும் ஜோராகக் காட்டும், ஆனால் கருவிக்கு அனுப்பச் சொன்னால் நீங்கள் போட்ட கோட்டையும் புள்ளிகளையும் மட்டும் அனுப்பும். காட்டுக்குள் போய்க் கருவியைத் திறந்தால் வெறும் பரப்பின் மேல் ஒரு கோடு, அவ்வளவுதான். இன்னொரு ரகம் வரைபடத்தையே கருவிக்குள் இறக்கும். இது இன்று நேற்றுப் பிரச்சினை கிடையாது. நேஷனல் ஜியோகிராஃபிக் விற்ற பழைய டோப்போ சிடிக்களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் அருமையான தாள்கள் இருந்தன, ஆனால் கார்மின் நிறுவனத்தின் கருவிக்கு அதிலிருந்து வேபாயிண்டும் (குறித்து வைத்த இடம்) ரூட்டும் (போகவேண்டிய வழி) போகும், தாள் போகாது. டெலோர்ம் நிறுவனம் தன் வரைபடங்களைத் தன் பிஎன் வரிசைக் கருவிகளுக்கு இறக்கிக் கொடுத்தது, அடுத்த நிறுவனத்தின் கருவிக்குக் கொடுக்கவில்லை. (அந்த டெலோர்மையே 2016-ல் கார்மின் வாங்கிவிட்டது என்பது வேறு கதை.)

அதனால் மென்பொருளுக்கு முன்னால் கருவியைப் பாருங்கள். கார்மின் ஈட்ரெக்ஸ் 10 வைத்திருந்தால் அதற்குள் டோப்போ வரைபடம் ஏற்ற கார்மின் வழி வைக்கவில்லை, எனவே வரைபடம் ஏற்றித் தரும் மென்பொருளுக்காக அலைவது வீண் வேலை. ஈட்ரெக்ஸ் 20 என்றால் மெமரி கார்டு போடலாம், வரைபடம் ஏற்றலாம், ஆனால் அதன் திரை 2.2 அங்குலம், 176க்கு 220 பிக்ஸல். ஜிபிஎஸ்மேப் 64-ல் 2.6 அங்குலம், 160க்கு 240 பிக்ஸல். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு கணினியில் பெரிய திரை முழுக்க விரிகிற வரைபடத்தைப் பாருங்கள். அங்கே கண்ணைப் பறிக்கும் மலை நிழல் இந்தச் சின்னத் திரையில் வெறும் சாம்பல் கறையாகிவிடும், அதற்கு மேல் பழுப்புக் கோடுகள் வந்தால் எது பாதை எது சமஉயரக் கோடு என்று வெயிலில் பிரித்துப் பார்க்க முடியாது. வரைபடம் எளிமையாக, கோடுகள் தடிமனாக, நிறங்கள் குறைவாக இருப்பதுதான் கருவிக்கு நல்லது. கணினியில் அழகாகத் தெரிகிறது என்று ஒரு வரைபடத்தைத் தேர்வு செய்யாதீர்கள், தயவுசெய்து.

அடுத்தது ராஸ்டரா, வெக்டரா என்ற சண்டை. ராஸ்டர் என்றால் அச்சிட்ட தாளின் படம். வெக்டர் என்றால் ஒவ்வொரு பாதையும் ஓடையும் தனித்தனித் தகவலாக இருந்து, ஜூம் அளவுக்கு ஏற்ப அந்தந்த நேரத்தில் வரையப்படுவது. தாளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ராஸ்டர்தான் பிடிக்கும், எனக்கும் கணினியில் அதுதான் பிடிக்கும், ஏனென்றால் வரைபடக் கலைஞர் ஒருவர் உட்கார்ந்து எந்தப் பெயர் எங்கே வரவேண்டும், எந்தப் பாறைக்கு எந்தக் குறி என்று முடிவு செய்த உழைப்பு அதில் தெரியும். ஆனால் கருவியில் நிலைமை வேறு. கார்மின் கருவிகள் கஸ்டம் மேப் என்ற பெயரில் கேஎம்இசட் ஃபைலாக ராஸ்டரை ஏற்கும், பழைய மாடல்கள் பலவற்றில் அதற்கு 100 துண்டுதான் வரம்பு, ஒரு துண்டு 1024க்கு 1024 பிக்ஸல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பிக்ஸலுக்கு 2.5 மீட்டர் என்று வைத்தால் ஒரு துண்டின் பக்கம் 2.56 கிலோமீட்டர், 100 துண்டையும் பத்துக்குப் பத்தாக அடுக்கினால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சதுரம். ஒரு வார இறுதி நடைக்குப் போதும். நீண்ட நடைக்குப் போதாது. அதுவும் ஜூமைக் கூட்டினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடையும், குறைத்தால் எறும்பு மாதிரி ஊரும். வெக்டரில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு முழு நாடே சில நூறு மெகாபைட்டில் அடங்கிவிடும். கருவிக்கு வெக்டர், கணினியில் திட்டம் போட ராஸ்டர், இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க விடுகிற மென்பொருள் கிடைத்தால் யோகம்.

சரி, மென்பொருட்களுக்கு வருவோம்.

பேஸ்கேம்ப். கார்மின் இலவசமாகத் தருவது, கார்மின் கருவி வைத்திருப்பவர்கள் முதலில் நிறுவுவதும் இதுதான். இதன் பெரிய பலம், கருவியைக் கேபிளில் மாட்டியதும் கருவிக்குள் இருக்கும் வரைபடத்தையே கணினித் திரையில் காட்டும், ஆக இங்கே பார்ப்பதும் அங்கே பார்ப்பதும் ஒன்று. கணினியில் நிறுவிய வரைபடத்தில் வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பவும் கூடவே மேப்இன்ஸ்டால் இருக்கிறது. வரைபடத்துக்குள் உயரத் தகவல் இருந்தால் முப்பரிமாணத்திலும் பார்க்கலாம். பலவீனம் என்னவென்றால் இது வளர்ச்சி நின்றுபோன மென்பொருள், புது வசதிகள் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். லிஸ்ட், ஃபோல்டர், லைப்ரரி என்று இது வைத்திருக்கும் அடுக்கு முறை புதியவர்களைச் சுற்றலில் விடும்: லிஸ்டிலிருந்து ஒரு வேபாயிண்டை நீக்கினால் அது லைப்ரரியில் இருக்கும், டெலீட் என்று கொடுத்தால் எல்லா லிஸ்டிலிருந்தும் போய்விடும். இரண்டு கட்டளைகளும் ஒரே மெனுவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யார் யோசித்த வடிவமைப்போ.

இதில் இன்னொரு விஷயம் முக்கியம். பேஸ்கேம்ப்பில் ரூட் போடும்போது அது வரைபடத்தில் உள்ள பாதைகளைப் பிடித்துப் பிடித்துப் போகும், பார்க்க நன்றாக இருக்கும். அந்த ரூட்டைக் கருவிக்கு அனுப்பினால் கருவி தன் சொந்த அமைப்புகளை வைத்து மறுபடி கணக்குப் போடக்கூடும், கருவியில் நடைக்குப் பதில் கார் என்று வைத்திருந்தால் ஒற்றையடிப் பாதையை விட்டுவிட்டுத் தார்ச்சாலை வழியாகச் சுற்றிக் காட்டும். இதைத் தவிர்க்க, ரூட்டை டிராக்காக மாற்றி அனுப்புங்கள். டிராக் என்பது புள்ளிகளின் வரிசை, கருவி அதில் கை வைக்காது. இது எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

க்யூமேப்ஷேக். என் கணினியில் தினமும் திறந்திருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் சாய்வோடுதான் எழுதுவேன். திறமூல மென்பொருள், க்யூலேண்ட்கார்ட்டே ஜிடி என்ற பழைய மென்பொருளின் வாரிசு, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதல் முறை திறக்கும்போது வெறும் கட்டங்கள் மட்டும் தெரியும், வரைபடம் எதுவும் இருக்காது, பலர் இந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். வரைபட ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை அதற்குக் காட்டவேண்டும், அப்புறம் பட்டியலில் வரும் பெயரின் மேல் வலது கிளிக் செய்து ஆக்டிவேட் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம் இது வேறு மாதிரி. கார்மினின் ஐஎம்ஜி ஃபைலைத் திறக்கும் (பூட்டுப் போடாததை மட்டும்), இணையத்தில் வரும் வரைபட அடுக்குகளைத் திறக்கும், ஸ்கேன் செய்து இடம் பொருத்திய தாளை விஆர்டி ஃபைல் வழியாகத் திறக்கும், எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒவ்வொன்றின் ஒளிபுகும் அளவையும் மாற்றலாம். மேலே யோகம் என்று சொன்னேனே, அது இங்கே கிடைக்கிறது.

உயரத் தரவைத் தனியாகக் கொடுத்தால் மலை நிழல் வரும், சரிவு எத்தனை டிகிரி என்று நிறம் பூசிக் காட்டும். இந்தச் சரிவு நிறம் முப்பரிமாணப் படத்தைவிட எனக்குப் பத்து மடங்கு பயன்படுகிறது. வழி எங்கே செங்குத்தாகிறது என்பதைக் கோடுகளை எண்ணிக்கொண்டு உட்காராமல் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். பாதை தேட ரூட்டினோ, பிரூட்டர் என்ற வழி தேடும் நிரல்கள் இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரூட்டர் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதால் சைக்கிள்காரர்களுக்கு அது வசதி.

கருவிக்கு வரைபடம் அனுப்ப க்யூமேப்ஷேக்கில் பேஸ்கேம்ப் போன்ற பொத்தான் கிடையாது, தேவையும் இல்லை. கணினியில் திறந்த அதே ஐஎம்ஜி ஃபைலை மெமரி கார்டின் கார்மின் ஃபோல்டரில் காப்பி செய்தால் முடிந்தது. பழைய கருவிகள் ஜிமேப்சப் என்ற ஒரே பெயருள்ள ஃபைலை மட்டும் படிக்கும், அதனால் இரண்டாவது வரைபடம் போட்டால் முதலாவது போய்விடும். ஓரெகான், ஜிபிஎஸ்மேப் 62 தலைமுறையிலிருந்து எந்தப் பெயரில் இருந்தாலும் படிக்கும், நாலைந்து வரைபடங்களை வைத்துக்கொண்டு கருவியின் மெனுவில் வேண்டியதை மட்டும் இயக்கலாம். ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்கவேண்டும், அது கார்டின் ஃபேட்32 வடிவம் போடும் வரம்பு.

ஓஸி எக்ஸ்ப்ளோரரைப் பற்றிச் சுருக்கமாக. விண்டோஸ் மட்டும், காசு கொடுத்து வாங்குவது, முகம் பழையது. ஆனால் பழைய தாளை ஸ்கேன் செய்து, தெரிந்த சில புள்ளிகளின் ஆயங்களைக் கொடுத்து, வரைபடமாக்கும் வேலையை இது கற்றுக்கொடுத்த மாதிரி வேறெதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த வேலை உங்களுக்கு அடிக்கடி வருமென்றால் வாங்கலாம், வராதென்றால் வேண்டாம்.

அந்த வேலையில் டேட்டம் (ஆயங்களை எந்த அடிப்படையிலிருந்து அளப்பது என்பது) என்று ஒரு கட்டம் வரும், அதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ்84. பழைய தாள்கள் அந்தந்த நாட்டின் சொந்த டேட்டத்தில் இருக்கும், பிரிட்டனில் ஓஎஸ்ஜிபி36, அமெரிக்காவின் பழைய தாள்களில் என்ஏடி27, இப்படி. ஓஎஸ்ஜிபி36-ல் உள்ள அட்சரேகை தீர்க்கரேகையை டபிள்யூஜிஎஸ்84 என்று நினைத்துப் போட்டால் சுமார் 100 மீட்டர் தள்ளிப்போகும். சமவெளியில் 100 மீட்டர் ஒன்றும் செய்யாது. மேடு ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம் என்றிருக்கும் குறுகிய முகட்டில் அது உங்களைத் தவறான பக்கத்தில் இறக்கிவிடும். எனவே டேட்டத்தைக் கேட்காமலேயே ஸ்கேனை ஏற்றுக்கொள்கிற மென்பொருளை நான் நம்புவதில்லை.

இப்போது உண்மையிலேயே முக்கியமான விஷயம்: சமஉயரக் கோடுகள் எங்கிருந்து வந்தன? இலவச வரைபடங்களில் பெரும்பாலானவற்றுக்கும், காசு வாங்கும் சிலவற்றுக்கும்கூட, மூலம் ஒன்றுதான். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு. வடக்கே 60 டிகிரி முதல் தெற்கே 56 டிகிரி வரை அளந்தார்கள், அந்த எல்லைகளுக்கு அப்பால் வேறு மூலங்களிலிருந்து ஒட்டுப்போட்டிருப்பார்கள். அதன் கட்டம் பூமத்திய ரேகையருகே ஏறத்தாழ 30 மீட்டர், பழைய வெளியீடு 90 மீட்டர். 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்றால் 15 மீட்டர் செங்குத்துப் பாறை என்னவாகும்? இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கரைந்து 27 டிகிரிச் சரிவாகிவிடும். வரைபடத்தில் நடந்து இறங்கலாம் போலத் தெரியும், நேரில் போனால் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. அடர்ந்த காடென்றால் ரேடார் தரையைத் தொடாமல் மரங்களின் தலைப்பக்கத்திலேயே திரும்பியிருக்கும், எனவே காட்டின் விளிம்பில் இல்லாத மேடொன்று முளைக்கும். மலைச்சரிவின் நிழலில் அளவே கிடைக்காத ஓட்டைகளும் இருந்தன, அவற்றைப் பிற்பாடு அடைத்தார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், 10 மீட்டர் இடைவெளியில் கோடு போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் வரைபடங்கள். 90 மீட்டர் தரவிலிருந்தும் மென்பொருள் 10 மீட்டர் கோடு போட்டுக் கொடுக்கும், கேட்டால் 5 மீட்டர்கூடப் போடும், அது கணக்குதானே. கோடு நெருக்கமாக இருப்பதால் தகவல் கூடிவிடாது. அந்தந்த நாட்டு அளவைத் துறை தரும் வரைபடத்தில் நிலைமை வேறு: பிரிட்டனின் 1:25,000 தாள், அமெரிக்காவின் 1:24,000 தாள் போன்றவற்றில் கோடுகள் முறையான அளவையிலிருந்து வந்தவை, பிரிட்டன் தாளில் பாறைக்குத் தனிக் குறியும் இருக்கும். அமெரிக்கத் தாள்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், சுவிட்சர்லாந்தும் 2021 மார்ச்சிலிருந்து தன் வரைபடத் தரவைத் திறந்துவிட்டது. நீங்கள் போகும் நாட்டில் இப்படி ஏதாவது கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, மென்பொருள் அதற்கப்புறம்.

பாதைகளைப் பொறுத்தவரை கதை தலைகீழ். அரசுத் தாளில் பாதைகள் பழசாகிக் கிடக்கும், 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நடக்கிறவர்களே சேர்த்த பாதைகள் புதுசாக இருக்கும். ஆட்கள் அதிகம் நடக்கும் இடத்தில் அது அபாரம், யாரும் போகாத இடத்தில் வெறுமை. ஓப்பன்டோப்போமேப் நாடு வாரியாகக் கார்மினுக்கான ஃபைல் தருகிறது, வரைபடம் ஒரு ஃபைல், சமஉயரக் கோடு இன்னொரு ஃபைல், கோடு நெரிசலாக இருந்தால் இரண்டாவதை அணைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது. கையில் பொறுமை இருந்தால் எம்கேஜிமேப் என்ற ஜாவா நிரலை வைத்து நாமே வரைபடம் செய்யலாம், எந்த வகைப் பாதை எத்தனை தடிமனில் வரவேண்டும் என்பதுவரை நம் கையில். சொந்த டிராக்கை வைத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் விடுபட்ட பாதையைச் சேர்த்தால் அடுத்த முறை செய்யும் வரைபடத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் பூட்டைக் கவனியுங்கள். கார்மினின் டோப்போ வரைபடங்களைக் கார்டில் வாங்கினால் பூட்டு கார்டோடு இருக்கும், கார்டைக் கழற்றி வேறு பொருத்தமான கருவியில் போடலாம். இறக்கிக்கொள்ளும் வடிவில் வாங்கினால் பூட்டு குறிப்பிட்ட கருவியோடு. அடிக்கடி கருவி மாற்றுகிறவர்கள் கார்டுப் பக்கம் போவது நல்லது. வேறொரு சின்ன நிறுவனத்திடம், பெயர் வேண்டாம், நான் வாங்கிய வரைபடம் கணினி மாறியதும் மறுபடி அனுமதி கேட்டது, அனுமதி தரவேண்டிய சர்வர் அதற்குள் மூடப்பட்டிருந்தது, கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை. ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது, திறக்கத்தான் முடியாது. அன்றிலிருந்து எதையும் வாங்குவதற்கு முன் "இணையம் இல்லாமல், உங்கள் சர்வர் இல்லாமல் இது ஓடுமா?" என்று எழுதிக் கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறேன்.

நடையின்போது கருவி பதிவு செய்து கொண்டுவந்த டிராக்கை என்ன செய்கிறது என்பதிலும் மென்பொருட்கள் வேறுபடும். அந்த டிராக் இருக்கும் ஒரே ஜிபிஎக்ஸ் ஃபைலை மூன்று மென்பொருளில் திறந்தால் மொத்த ஏற்றம் மூன்று விதமாக வரும், யாரும் பொய் சொல்லவில்லை. ஜிபிஎஸ் உயரம் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆடும், அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு மேலேற்றத்தையும் கூட்டினால் சமதரையில் நடந்தவருக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஏற்றம் கணக்காகும். எவ்வளவு சிறிய ஆட்டத்தை ஒதுக்கவேண்டும் என்று ஒவ்வொரு மென்பொருளும் ஒரு முடிவு எடுத்திருக்கும். க்யூமேப்ஷேக்கில் உயரத்தைச் சமன்செய்யும் வடிகட்டியும், டிராக்கின் உயரத்தை உயரத் தரவிலிருந்து மாற்றிப்போடும் வடிகட்டியும் நம் கையில் இருக்கின்றன. காற்றழுத்த மானி உள்ள கருவியென்றால் அதன் உயரத்தை அப்படியே விடுங்கள், மாற்றினால் கெட்டுத்தான் போகும்.

புள்ளிகளின் எண்ணிக்கையும் பார்க்கவேண்டும். ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் போன்ற பழைய கருவி சேமித்த டிராக் ஒன்றில் 500 புள்ளிகளைத்தான் ஏற்கும், ஈட்ரெக்ஸ் 20-ல் 10,000. யாரோ ஒருவர் நொடிக்கு ஒரு புள்ளி பதிவு செய்த நீண்ட டிராக்கை அப்படியே ஏற்றினால் பாதி வழியில் கோடு அறுந்து நிற்கும். நல்ல மென்பொருள் வளைவுகளில் புள்ளிகளை வைத்துக்கொண்டு நேர்கோட்டில் உள்ளவற்றை மட்டும் நீக்கும். மோசமான மென்பொருள் நாலுக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டும், கொண்டை ஊசி வளைவெல்லாம் மழுங்கிப்போகும். மென்பொருளில் இது சரியில்லையென்றால் ஜிபிஎஸ் ஃபைல்களை மாற்றித் தரும் ஜிபிஎஸ்பேபல் என்ற நிரல் இருக்கவே இருக்கிறது.

காசு கொடுப்பதற்கு முன் நான் செய்யும் சோதனை ஒன்று. மாதிரிப் பகுதியை இறக்கி, ஓடைகளைச் சமஉயரக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஓடை கடக்கும் இடத்தில் கோடு வளைந்து, வளைவின் முனை ஓடையின் மேல்முகத்தைக் காட்டவேண்டும். ஓடை ஓரிடத்திலிருந்தும் உயரம் வேறிடத்திலிருந்தும் எடுத்து அவசரமாக ஒட்டிய வரைபடமென்றால் வளைவு ஒரு பக்கமும் ஓடை இன்னொரு பக்கமுமாக இருக்கும். ஓடை பள்ளத்தை விட்டுச் சரிவில் ஏறி ஓடுகிற வரைபடத்தை விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வாங்காதீர்கள்.